ஒரு லட்சத்து மூன்று

சிதம்பரதாணு முப்பத்தைந்து வருஷம் கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற கையோடு தீட்சை கேட்டு மடத்தில் வந்து சேர்ந்தார். குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அது வேறு அவருக்குக் கொஞ்சம் உறுத்தல்.

"விளக்கு முன்னால ஒரு எண்ணைச் சொல்லும். அத்தனை தடவை 'சிவ சிவ' சொல்லி முடிச்சா தீட்சை," என்றார் குரு.

மற்ற சீடர்கள் எல்லாரும் லட்சம் என்று சொல்லியிருந்தார்கள். லட்சமெல்லாம் ஓர் எண்ணா? இரண்டு வகுக்கும், ஐந்து வகுக்கும், போகிறது வருகிறதெல்லாம் வகுக்கும். சிதம்பரதாணு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு லட்சத்து மூணு," என்றார். "பகா எண், சாமி. ஒண்ணையும் அதையும் விட்டா எதாலயும் வகுக்க முடியாது. தனியா நிக்கும்."

"சரி, நிக்கட்டும்," என்றார் குரு.

மறுநாள் காலை ஜபமாலையைக் கையில் எடுத்தபோதுதான் அவருக்குச் சிக்கல் புரிந்தது. தினமும் ஒரே அளவு ஜபம். அன்றைய பங்கு முடிந்தால்தான் சோறு. சொன்ன எண்ணை மாற்றினால் மடத்தைவிட்டு வெளியே போக வேண்டியதுதான். மடத்து விதி அவருக்குத் தெரியாததா? அதைப் பலகையில் அழகாக எழுதி மாட்டியவரே அவர்தான்.

மத்தியானம் சமையல்காரர் கோமதிநாயகம் கரண்டியோடு வந்து நின்றார். கடைசி ஆள் சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பிட முடியும்.

"இன்னைக்குப் பங்கு முடிஞ்சுதா, வாத்தியாரய்யா?"

"பங்கு எவ்வளவுன்னே தெரியலையே. சமமாப் பிரிக்க ரெண்டே வழிதான். மொத்தத்தையும் இன்னைக்கே சொல்லணும். ஒரு நாளுக்கு இருக்கிறதே எண்பத்தாறாயிரத்து நானூறு நொடிதான்."

"இன்னொரு வழி?"

"தினம் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுச் சாப்பிடலாம். தீட்சை வாங்க எரநூத்து எழுபத்து நாலு வருஷம் ஆகும்."

"சிவ சிவ!" என்று தலையில் அடித்துக்கொண்டார் கோமதிநாயகம்.

பின்னால் நின்ற குரு சொன்னார்: "அதையும் சேத்துக்கிடும்."

"எதை, சாமி?"

"இப்ப இவரு சொன்னாருல்லா, அந்த ஒண்ணை. சேத்து வகுத்துப் பாரும்."

சிதம்பரதாணு கண்ணை மூடினார். விரல் காற்றில் ஓடியது. லட்சத்து நான்கு. தொண்ணூற்றிரண்டு நாள், நாள் ஒன்றுக்கு ஆயிரத்து எண்பத்தேழு. மீதியே இல்லை! தீட்சை மூன்று மாதத்தில், சோறு இன்றைக்கே. சந்தோஷத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ரோஷம் விடவில்லை.

"நான் சொல்லவேண்டியது லட்சத்து மூணுதான், அது மாறல. ஆனா இந்த ஒண்ணை இவர் பக்தியிலயா சொன்னார், சாமி? பசி எரிச்சல்ல சொன்னது."

"நீரு பெருமையில பிடிச்ச லட்சத்து மூணையே சிவன் வாங்கிக்கிடுதான். பசியில வந்த ஒண்ணையா தள்ளப் போறான்?" என்றார் குரு. "எண்ணும், வாத்தியாரே. சாம்பார் ஆறுது."