வால் ஒடிந்த காடிலாக்

தெய்வநாயகம் முப்பது வருடம் கப்பலில் எந்திரம் பார்த்தவர். போன துறைமுகத்திலெல்லாம் பழைய அமெரிக்கக் கார்களின் சின்னஞ்சிறு மாதிரிகளைத் தேடி வாங்குவார். ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது நூற்று நாற்பது சேர்ந்திருந்தன. அவற்றுக்கென்றே வீட்டில் ஓர் அறையை ஒதுக்கினார்.

ஒரு நாள் காலையில் அவற்றில் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, சிவபாக்கியம் அம்மையின் மடத்துக்குப் போனார். அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர் உட்காரச் சொல்லும்வரை தெய்வநாயகம் நின்றுகொண்டே இருப்பார்.

"அம்மா, எனக்கு ஒன்றும் புரியவில்லை."

"உட்காருங்கள். என்ன புரியவில்லை?"

"பேத்தி இதழினி ஒரு காரை எடுத்துக் கீழே போட்டு உடைத்துவிட்டாள். கத்திவிட்டேன். அன்றைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன மகள்தான், நான்கு மாதமாக இந்தப் பக்கமே வரவில்லை. எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் துடைக்க உட்கார்ந்தால், எப்படிக் கொடுப்பேன் என்று அழுகை வருகிறது. விடவா? வைத்துக்கொள்ளவா?"

"கையில் என்ன?"

பிரித்துக் காட்டினார். ஐம்பத்தொன்பதாம் வருடத்துக் காடிலாக். ரோஜா நிறம். பின்பக்கம் மீன் வாலைப் போல இரண்டு கூர்மையான சிறகுகள். அவர் முதன்முதலில் வாங்கியது அதுதான்.

"இது இங்கே இருக்கட்டும். அடுத்த வாரம் வாருங்கள்."

கேட்டதற்குப் பதில் இதுவா என்று அவருக்கு விளங்கவில்லை. வெறும் கைக்குட்டையை மடித்துக்கொண்டு வீடு திரும்பினார். அந்த வாரம் முழுக்க அலமாரிக் கார்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினார். மறுபடி எடுத்து அலமாரியில் வைத்தார். மீண்டும் அடுக்கினார்.

அடுத்த வாரம் அவர் போனபோது, அம்மையின் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் கசிந்திருந்தது. பக்கத்துப் பாயில் காடிலாக் கிடந்தது. ஒரு வால் ஒடிந்திருந்தது.

"கை தவறிவிட்டது ஐயா. விழுந்ததை எடுக்கப் போனேன், ஒடிந்த முனை கிழித்துவிட்டது. உங்கள் முதல் கார்..."

"அடடா, ஆழமாகப் பட்டுவிட்டதா? மருந்து போட்டீர்களா அம்மா?"

"காரைப் பாருங்கள். வாலே போய்விட்டது."

"கார் கிடக்கட்டும். கையைக் காட்டுங்கள்."

அம்மை கையை நீட்டினார். தெய்வநாயகம் துணியைப் பதமாகப் பிரித்து, காயத்தைப் பார்த்து, மறுபடி சுற்றிக் கட்டினார். அதன்பிறகுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

"அம்மா, விடவா, வைத்துக்கொள்ளவா என்று நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே?"

அம்மை, அவர் கட்டிவிட்ட விரலை உயர்த்திக் காட்டினார்.

"அன்றைக்குக் குழந்தையின் கையைப் பார்த்தீர்களா?"