வரும்போதைக்கு அரிசி

"அம்மா, கணவாய், பனி ஏரி, ரெண்டுல எதுக்குப் போகட்டும்? நீங்களே சொல்லிடுங்க."

கேட்டுவிட்டு மாசிலாமணி முதுகுப் பையை இறக்கி வைத்தார். அறுபதைத் தாண்டிய சீடர். குருவான அம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. தென்காசியிலிருந்து இமயமலைக்கு வந்து, ஒரு கல் வீட்டுக்கு மடம் என்று பெயர் வைத்துக்கொண்டு இருப்பவர். மடத்துக்குச் சீடர்கள் அதிகமில்லை. அந்தக் குளிருக்கு யார் வருவார்கள்?

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் அம்மா.

"கிழக்குக் கணவாய் ரொம்ப உயரம். போகப் போக மூச்சு முட்டுமாம். பனி ஏரி அவ்வளவு உயரமில்ல. ஆனா வழி முழுக்கப் பனிப்பிளவு. கால வச்சா எங்க போவோம்னு தெரியாது."

"எது பாக்க அழகா இருக்கும்?"

"அதெல்லாம் விசாரிக்கல."

அம்மா டீயை ஆற்றிக் கொடுத்தார். அவர் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

"வீட்ல யாரும்மா இருக்கா? சிவகாமி போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் டிவியை அணைச்சா ஒரு சத்தம் கிடையாது."

மனைவியைப் பற்றிச் சொல்லும்போது அவர் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அம்மா பையை இழுத்துப் பிரித்தார்.

அந்தப் பக்கத்தில் மலையேறுகிறவர்கள் அரிசியை இரண்டு மூட்டையாகக் கட்டுவார்கள். ஒன்று ஏறும்போது சமைக்க. மற்றதைப் பாதி வழியில் கல்லுக்கடியில் வைத்துவிட்டு மேலே போவார்கள். இறங்கி வரும்போது எடுத்துக்கொள்ளலாம், சுமையும் குறையும். அங்கே போய்வருகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மாசிலாமணிக்கும் தெரியும்.

பையில் ஒரு மூட்டைதான் இருந்தது.

"வரும்போதைக்கு?"

அவர் தரையைப் பார்த்தார்.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அம்மா அதை ஊதிவிட்டார்.

"எதுக்குப் போனா என்னம்மா," என்றார் மாசிலாமணி. "ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அங்க போயிடுறேன்."

அம்மா எழுந்து உள்ளே போனார். டப்பாவிலிருந்த அரிசியைத் துணியில் கொட்டி, இன்னொரு மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். அதைப் பையில் திணித்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்ட ஆரம்பித்தார்.

"நீங்க எங்கம்மா கிளம்புறீங்க?"

"உங்க கூடத்தான். கிழக்குக் கணவாய்க்கே போவோம்."

"உங்களுக்கு எதுக்கும்மா இது? வேண்டாம்."

"நானும் பார்த்ததில்ல." அம்மா குனிந்து கயிற்றை இறுக்கினார். "எனக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. எப்படியோ ஏறிடுவேன். இறங்கத்தான் முடியாது. கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர ஆள் வேணும்."