செம்புக் கத்தரிக்கோல்

சீடருக்கு ஐம்பத்தொரு வயது, குருவுக்கு முப்பத்தேழு. ஆய்வகத்துக்குத் தபால் கொண்டுவருகிறவர் இன்றைக்கும் கோமதிநாயகத்திடம்தான் கையெழுத்துக்கு நீட்டுவார். அவர் சிரித்துக்கொண்டே ஃபரீதாவின் மேசையைக் காட்டுவார்.

ஆறு வருடமாகக் கோமதிநாயகம் செய்துகொண்டிருந்தது ஒரு கத்தரிக்கோல். உடம்புக்குள் ஆர்.என்.ஏ. இழையை நறுக்குகிற நொதி ஒன்று உண்டு. அதன் வேலையை, இரண்டு செம்பு அணுக்களைக் கோத்த ஒரு சின்னச் சேர்மம் செய்ய வேண்டும். நீலப் படிகங்கள். கண்ணை மூடினால் இமைக்குள் அந்த நீலம் மிதந்தது.

முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்க இருபது நாள் இருந்தது. இனி அவகாசம் கிடையாது. அப்போதுதான் அது வெட்டியது. சேர்மம் போடாத குழாயில் இழை அப்படியே இருந்தது. போட்ட குழாயில் ஒரே நிமிடத்தில் காணவில்லை. மூன்று முறையும் அப்படித்தான்.

குழாய்களில் இருந்த இழையைக் கோடுகளாகக் காட்டும் படத்தை ஃபரீதா நெடுநேரம் பார்த்தார். படிகத்தை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார். அவர் செய்து காட்டினார். தாளை மடித்து, சுட்டுவிரலால் தட்டி, ஒட்டிய துணுக்கை விரல்நுனியால் தள்ளி. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த இருபத்தாறு வருடப் பழக்கம். கையுறை போட்டால் தாள் வழுக்கும்.

ஃபரீதா சுத்தமான தண்ணீர்க் குழாய் ஒன்றை நீட்டினார்.

"இதுல விரலை வைங்க சார்."

வைத்தார். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை இழையில் விட்டார்கள். ஒரே நிமிடம். இழை இல்லை.

வியர்வையிலும் அந்த நொதி உண்டு. அவர் படித்ததுதான். விரல் படிக்கவில்லை.

ஐந்து நாளில் புதுப் படிகம் வளர்த்தார். கையுறையோடு எடைபோட்டு, குழாய்களை உடம்புச் சூட்டு வெந்நீரில் மிதக்கவிட்டார். பிறகு நாட்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல நடந்தன. வீட்டில் கூப்பிட்டால் எங்கிருந்தோ கேட்டது. சோற்றிலும் லேசாக நீலம் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் பார்த்தார்கள். செம்பில்லாத குழாயில் இழை முழுசாக இருந்தது. மற்றதில், முழு இழைக்குக் கீழே, கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல ஒரு மங்கல் கோடு. இழை கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது.

கோமதிநாயகம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என் விரல் ஒரு நிமிஷத்துல செய்யறதை, இது ஒன்பது நாள்ல, அதுவும் அரைகுறையாச் செய்யுது. இதை எப்படி மேடம் எழுதுறது?"

"அந்த விரலை நீங்க செய்யலையே சார்," என்றார் ஃபரீதா. "ஒன்பது நாள்னு எழுதுங்க."