பூத்தையல் போட்ட உறை

கடற்காற்று அடிக்கும் ஒரு தெருவில், ஒரு வீட்டில், ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் சிபியூ பெட்டிக்கு ஓர் உறை இருந்தது. பெட்டிக்கு வயது அதிகம், உறைக்கு வயது குறைவு. ஆனாலும் தன்னை அந்தப் பெட்டியின் தாய் என்றே உறை நினைத்துக்கொண்டிருந்தது.

அதைத் தைத்தவள் பெனிட்டா. மகள் ஜோவி வயிற்றில் இருந்தபோது தைத்தாள். கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தவள் ஆதலால் சங்கிலித் தையல் அவள் கைக்குத் தானாக வரும். வெளியே வெள்ளைத் துணியில் ரோஜாக்கள். உள்ளே கனமான ஃபிளானல் துணி. ஓரம் முழுக்க இறுக்கமான எலாஸ்டிக். தூசி போகக் கூடாது, எறும்பு போகக் கூடாது, பல்லி போகவே கூடாது என்று ஒவ்வொரு ஊசிக் குத்துக்கும் முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். துணி அதையெல்லாம் வாங்கிக்கொண்டது.

வேலை செய்யும்போதும் பெனிட்டா உறையைக் கழற்ற மாட்டாள். சுவிட்சைத் தட்டுவதற்காக முன்பக்கத்தை மட்டும் மடித்து மேலே விடுவாள். முக்காடு போட்டுக்கொண்டு முகத்தை மட்டும் காட்டுகிற மாதிரி பெட்டி உட்கார்ந்திருக்கும்.

உறை சும்மா பெருமை பேசுகிற ரகமும் இல்லை. ஒருமுறை ஜோவியின் கேழ்வரகுக் கூழ் கிண்ணத்தோடு பெட்டியின் மேல் கவிழ்ந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காமல் அவ்வளவையும் உறையே குடித்துவிட்டது. அன்றிலிருந்து பெட்டிக்குள் இருந்த எல்லோரும் அதை உறையம்மா என்று கூப்பிட்டார்கள்.

பிறகுதான் கம்ப்யூட்டர் ஹேங் ஆகத் தொடங்கியது.

முதலில் எப்போதாவது. பிறகு தினமும். கடைசியில், எந்த நாளில் ஆகக் கூடாதோ அந்த நாளில். பிள்ளை பிறந்ததும் பெனிட்டா ஆசிரியை வேலையை விட்டிருந்தாள். வெளியூர்ப் பள்ளி ஒன்று, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்த ஆள் தேடியது. மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்டச் சொன்னார்கள். பெனிட்டா பின்னங்களை எடுத்துக்கொண்டாள். திரையில் ஒரு தோசையை நாலாக வெட்டி, ஒரு துண்டைத் தனியாக நகர்த்தினாள். துண்டு பாதி வழியில் நின்றது. திரையில் பெனிட்டாவின் வாயும் பாதி திறந்தபடி நின்றது. அந்தப் பக்கம் பள்ளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்கள்.

இன்னொரு வாய்ப்பு தருகிறோம், வரும் சனிக்கிழமை, அதோடு சரி என்று பள்ளியிலிருந்து சொன்னார்கள்.

அவள் கணவன் ஆல்ட்ரின் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினான். "சனிக்கிழமையும் இது மக்கர் பண்ணுச்சுன்னா பழைய இரும்புக்காரர்ட்ட தூக்கிக் குடுத்துருவேன் பெனி."

உள்ளே இருந்தவர்களுக்கு இது தெளிவாகக் கேட்டது.

அன்று முதல் பெட்டிக்குள் ஒரே பஞ்சாயத்து. எல்லாக் கணக்கையும் போடுகிற ப்ராசஸர்தான் அங்கே மூத்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. கணக்கு ஓடும்வரை அதைக் கையில் தாங்கிக்கொண்டிருக்கிற ரேம் இளையவன். கெட்டுப்போன கணக்கு கைக்கு வந்ததா, கையிலே இருந்து கெட்டதா என்று இருவரும் சண்டை போட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்துவைக்கிற ஹார்ட் டிஸ்க், தான் யாருக்கும் எதையும் தவறாக எடுத்துக் கொடுத்ததில்லை என்று கேட்காமலே சத்தியம் செய்தது. உறை எல்லோரையும் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு, தப்பு யார் மேல் இருந்தாலும் தன் பிள்ளைகளை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றது.

வெளியே பெனிட்டாவும் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டாள். வைரஸ் தேடினாள். வேண்டாத படங்களை அழித்தாள், பிறகு வேண்டிய படங்களில் சிலவற்றையும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அழித்தாள். பிளக்கை மாற்றிச் செருகினாள். ஹேங் ஆகும்போதெல்லாம் மவுஸைப் பிடித்து மேசையில் தட்டினாள்.

"ஆளாளுக்கு உள்ள சண்டை போடுதீங்க, அடி வாங்குறது நானா?" என்று மவுஸ் கேட்டது. அது மேசையில் வெளியே கிடப்பது. வாய் கொஞ்சம் நீளம்.

கடைசியில் பெட்டியை மட்டும் உறையிலிருந்து உருவி, ஆல்ட்ரின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் ரேமைக் கழற்றிப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். பெட்டி காலை முதல் கடை சாத்தும்வரை ஓடியது. ஒரு முறைகூட நிற்கவில்லை. உங்கள் வீட்டுக் கரண்டுதான் சரியில்லை என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஒரு நாளும் வெறும் மேசையில் உறை மடங்கிக் கிடந்து தவித்தது. பெட்டி வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது. பெனிட்டா எலாஸ்டிக்கை நான்கு மூலையிலும் இழுத்து மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் ஹேங் ஆனது.

"என்னைப் பென்சில் கோட்டை அழிக்கிற மாதிரி போட்டுத் தேய்ச்சாங்க. அதுக்கு இதுதான் பலனா?" என்று ரேம் முனகியது.

மவுஸ் தன் வாலை இழுத்துக்கொண்டு கொஞ்சம் கிட்டே வந்தது. "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். கடையில நல்லா ஓடுனீங்க. வீட்டுக்கு வந்தா நிக்கிறீங்க. அப்பம் வீட்டுல மட்டும் இருக்கிற ஆளு யாரு? நான் ஒருத்தன். நான் வெளியில கெடக்கேன், உங்களத் தொடுறதுகூட இல்ல. இன்னொரு ஆளு யாருன்னு நான் சொல்ல மாட்டேன்."

பெட்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. அது ஃபேன். உள்ளே சேரும் சூட்டை வெளியே தள்ளுவது அதன் வேலை. இதுவரை அது வாய் திறந்த போதெல்லாம், பிள்ளை தூங்குகிறாள், சத்தம் போடாதே என்று உறைதான் அடக்கிவைத்திருந்தது.

"உறையம்மா, கோவிக்கக் கூடாது. நான் தள்ளுற காத்து போன வேகத்துல திரும்பி என் மேலயே வருது. அதே காத்தத்தான் நாள் பூரா தள்ளிட்டு இருக்கேன். கடையில ஒரு தடவ தள்ளுனேன், அது போயிருச்சு. போன காத்து போனதுதான். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

உறைக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அதன் ரோஜாக்கள் சுருங்கின.

"என்னையா சொல்லுதீங்க?" என்றது. "அன்னைக்குக் கூழைக் குடிச்சது யாரு?"

குடித்தது உறைதான். அதை யாரும் மறக்கவும் இல்லை. அதனால்தான் நேராக ஆமாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

ப்ராசஸர் அண்ணாச்சிதான் மெதுவாக ஆரம்பித்தார். வேலை செய்யத் தனக்கு மனசு இருக்கிறது என்றும், சூடு ஒரு அளவைத் தாண்டினால் இரண்டும் இரண்டும் எத்தனை என்பதே மறந்துபோகிறது என்றும், அப்போது தப்பாகச் சொல்வதைவிட நின்றுவிடுவது மேல் என்று நின்றுவிடுவதாகவும் சொன்னார்.

"நான் போயிட்டா பல்லி வருமே," என்றது உறை. "தூசி வரும். எறும்பு வரும். பிள்ளை விரலை விட்டுருவா. அப்பம் என்ன செய்வீங்க?"

ஃபேன் யோசித்தது. "தெரியல உறையம்மா," என்றது. "தூசி கண்டிப்பா வரும். வந்தா தொடைப்பாங்க."

உறை பிடியைத் தளர்த்தவில்லை.

சனிக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டுச் சகாயம் அக்கா ஜோவியைத் தூக்கிக்கொண்டு போனார். பெனிட்டா சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முன்பக்கத்தை மடித்து மேலே விட்டாள். மூன்று முகங்கள் திரையில் வந்தன. தோசையும் வந்தது.

தோசை நன்றாகவே வெட்டுப்பட்டது. பாதி, கால், முக்கால். பெனிட்டாவின் குரலில் இருந்த நடுக்கம் போய், பழைய வகுப்பறைக் குரல் திரும்பி வந்துகொண்டிருந்தது. உள்ளே சூடும் ஏறிக்கொண்டிருந்தது. ஃபேன் தன் பலம் எல்லாம் சேர்த்துச் சுற்றியது. அது தள்ளிய காற்று ஃபிளானலில் மோதித் திரும்பியது, மறுபடி மோதியது, மறுபடி திரும்பியது. இந்த வெதுவெதுப்பை உறை இத்தனை நாள் அன்பு என்றே நினைத்திருந்தது. இன்றுதான் முதல் முறையாக அதைச் சூடு என்று உணர்ந்தது.

"டீச்சர், உங்க குரல் விட்டு விட்டு வருது," என்றது திரையில் ஒரு முகம்.

பெனிட்டாவின் விரல்கள் மவுஸின் மேல் இறுகின. நகர்ந்துகொண்டிருந்த தோசைத் துண்டு தயங்கித் தயங்கிப் போனது.

"உறையம்மா," என்றார் அண்ணாச்சி. "எனக்குக் கணக்கு மறக்குது."

உறை சன்னலைப் பார்த்தது. வெயில் கம்பியில் தூசி மிதந்துகொண்டிருந்தது. சுவரைப் பார்த்தது. பல்லி இருந்தது. அது பயந்த எல்லாமே அங்கே இருந்தன, இந்த நாளுக்காகவே காத்திருந்த மாதிரி. திரையைப் பார்த்தது. தன்னைத் தைத்தவளின் முகம் அங்கே சின்னதாகத் தெரிந்தது, எந்த நொடியிலும் நின்றுவிடப் போகிற முகமாக.

உறை தன் எலாஸ்டிக்கை ஒரு மூலையில் விட்டது. பிறகு இன்னொரு மூலையில். மூன்றாவது மூலையை விடும்போது அது கண்ணை மூடிக்கொண்டது. ரோஜாக்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, பெனிட்டாவின் காலடியில் தொப்பென்று விழுந்தன.

ஃபேன் ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சு சுவரில் பட்டு, சன்னல் வழியாகத் தெருவுக்குப் போயே போய்விட்டது.

பெனிட்டா பதறிக் கையை நீட்டினாள், எடுத்து மூட. அதே நேரம் திரையில் ஒருவர் கேள்வி கேட்டார்: முக்கால் தோசையை இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக எப்படிக் கொடுப்பீர்கள்? பதில் சொல்ல ஆரம்பித்தவள், நீட்டிய கையாலேயே காற்றில் தோசையை வெட்டிக் காட்டினாள். உறை தரையிலேயே கிடந்தது.

துண்டு நகர்ந்தது. தயங்காமல் நகர்ந்தது. அண்ணாச்சிக்கு மறந்த கணக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ரேம் ஒரு சொல்லையும் கீழே போடவில்லை. ஹார்ட் டிஸ்க் கேட்டதும் எடுத்துக் கொடுத்தது. மவுஸ் பேச்சை மறந்து ஓடியது. சுவரிலிருந்த பல்லி, காவலுக்கு யாருமில்லை என்று பார்த்துவிட்டுப் பெட்டியின் பின்னால் இறங்கி வந்தது. ஃபேனின் மூச்சு நேராக அதன் மூஞ்சியில் அடித்தது. பல்லி வந்த வழியே விழுந்தடித்துக்கொண்டு ஏறி, படச்சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

தரையில் கிடந்தபடி உறை இதைப் பார்த்தது. வாழ்க்கையில் முதல் முறையாகச் சிரித்தது.

தோசை முழுவதும் தீரும்வரை கம்ப்யூட்டர் நிற்கவில்லை. கேள்விகள் தீரும்வரையும் நிற்கவில்லை. மூன்று முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நடுவில் இருந்தவர், வரும் திங்கள் முதல் ஆறாம் வகுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியும் என்று பெனிட்டா சொன்னாள். திரை அணைந்த பின்பும் அதையே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.

பிறகு குனிந்து உறையை எடுத்தாள். ஃபிளானல் பக்கம் கையில் பட்டதும் திடுக்கிட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைப் பிடித்த துணி மாதிரி சுட்டது. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தாள். அங்கிருந்து காற்று போய்க்கொண்டே இருந்தது. இத்தனை நாள் அந்தக் காற்றை மூடியிருந்த துணியை மறுபடி தொட்டுப் பார்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் சகாயம் அக்கா ஜோவியோடு வந்து நின்றார். பிள்ளை கம்பளிக் குல்லாயிலும் ஸ்வெட்டரிலும் காலுறையிலும் இருந்தாள். வெளியே வெயில் தெருவை வறுத்துக்கொண்டிருந்தது. சீதளம் பட்டுவிடக் கூடாது என்று காலையில் பெனிட்டாவே போட்டுவிட்டவை.

ஒரு தோளில் உறையோடு அவள் பிள்ளையை வாங்கினாள். இரண்டும் ஒரே சூடாக இருந்தன.

பெனிட்டா குல்லாயின் முடிச்சை அவிழ்த்தாள். ஜோவியின் முடி நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினாள். காலுறையைக் கழற்றினாள். பிள்ளை தன் கால்விரல்களைப் புதுசாகப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒரு தும்மல் போட்டாள்.

பெனிட்டாவின் கை மின்னல் மாதிரி குல்லாயின் மேல் போய் விழுந்தது. அங்கேயே நின்றது. எடுக்கவில்லை.

எடுக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று, அந்த வீட்டில், அவள் தோளில் கிடந்த உறைக்கு மட்டும்தான் தெரியும்.