நாலு பத்துக்கே நின்ற மணிக்கூண்டு

கோணப்பட்டணத்தாருக்குப் புத்தி குறைவு என்று யாராலும் நிரூபிக்க முடிந்ததில்லை. நிரூபித்தாலும் அவர்களுக்குப் புரிந்ததில்லை.

அந்த ஊர்க் கடைத்தெருவின் நடுவே ஒரு பழைய மணிக்கூண்டு. முப்பது வருஷமாக அதில் மணி நாலு பத்துதான். மேஸ்திரி பொன்னுரங்கத்துக்கு அந்த வருஷம் அந்தக் கூண்டின் மேல்தான் உயிரே இருந்தது. காரணம், அவருடைய மீசை.

பக்கத்து ஊர் மச்சான் தேவராயன், சிறந்த நகர அழகுக்கான பரிசைத் தன் ஊர்ப் பூங்காவுக்கு வாங்கிவிட்டு, கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்ன மாப்ளே, அடுத்த வருஷமும் கைதட்டத்தானே வருவீங்க?"

"அடுத்த பரிசு எங்க மணிக்கூண்டுக்குத்தான் மச்சான்! இல்லேன்னா இந்த மீசையை எடுத்துடறேன்!"

வாயில் அப்பளம் இருந்தது. இருந்தும் பந்தி முழுக்கக் கேட்டுவிட்டது.

போட்டி விதிகள் தபாலில் வந்தன. ஊர்க் கமிட்டித் தலைவர் கைலாசம் உரக்கப் படித்தார்: "பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் பழமை துளியும் மாறக் கூடாது."

பொன்னுரங்கம் பத்தே நாளில் சுவரைப் பூசினார். உச்சியில் முளைத்திருந்த அரசங்கன்றைப் பிடுங்கினார். கூண்டடியில் சுண்டல் விற்கும் செந்தாமரை வந்து பார்த்தாள். அவளும் கமிட்டிதான்.

"மேஸ்திரி, இங்க இருந்த விரிசல் எங்கே?"

"அடைச்சிட்டேன்."

"அடப்பாவி மனுஷா! அது எங்க மாமனார் காலத்து விரிசல். அதை அடைச்சா பழமை மாறாதா?"

கைலாசம் கண்ணை மூடி யோசித்தார். "விரிசல் பழசு. அடைச்சது புதுசு. அதனால, விரிசலைப் புதுப்பிச்சிடு."

பொன்னுரங்கம் பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உளியால் அதே விரிசலை அதே வளைவோடு வெட்டினார். அரசங்கன்றைத் திரும்ப நட்டு எரு போட்டார். சுவரில் புறா எச்சம் போதவில்லை என்று செந்தாமரை மூன்று நாள் புறாக்களுக்குச் சுண்டல் போட்டாள். நாலாம் நாள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம்தான் பெரிய சங்கடம் வந்தது. கடிகாரத்தைப் பழுதுபார்த்தார்கள். அது ஓடிவிட்டது.

"ஐயோ, பத்தேகால்னு காட்டுதே!" என்று அலறினாள் செந்தாமரை.

"இப்ப பத்தேகால்தானே?" என்றார் பொன்னுரங்கம்.

"உண்மை வேற, பழமை வேற" என்றார் கைலாசம்.

"அப்ப நிறுத்திடவா?"

"நிறுத்தினா புதுப்பிக்கலைன்னு ஆயிடும்."

"ஓட விட்டா?"

"பழமை மாறிடும்." கைலாசம் மறுபடி கண்ணை மூடினார். "ஓடட்டும். ஆனா நகரக் கூடாது."

ஆகவே முள்ளை நாலு பத்தில் வைத்துவிட்டு, பொன்னுரங்கம் கடிகாரத்துக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, பெரிய பல்சக்கரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தலையில் ஒரு புறா உட்கார்ந்தது. மீசையை நினைத்துப் பொறுத்துக்கொண்டார்.

நடுவர் அம்மாள் வந்து கூண்டை மூன்று முறை சுற்றினார். "எதைப் புதுப்பித்தீர்கள் என்றே தெரியவில்லையே!"

"தெரிஞ்சிடுமோன்னுதாம்மா பயந்துக்கிட்டிருந்தோம்" என்றார் கைலாசம்.

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கை பட்டதே தெரியாத இப்படியொரு வேலையை அவர் பார்த்ததே இல்லையாம். பரிசு கோணப்பட்டணத்துக்குத்தான்.

பரிசாக ஒரு பித்தளைப் பலகை வந்தது. 'ஊரார் அனைவர் கண்ணிலும் படும்படி வைக்கவும்' என்று ஒரு குறிப்பும் கூடவே வந்தது. கூண்டில் ஆணி அடித்தால் பழமை மாறிவிடும். அதனால் கூண்டுக்குப் பின்னால் தனித் தூண் கட்டிப் பதித்தார்கள். கடைத்தெருவில் நின்று பார்த்தால் பலகை தெரியவில்லை. கூண்டு மறைத்தது.

"தூணைத் தள்ளிக் கட்டலாமே?" என்றாள் செந்தாமரை.

"சிமென்ட் ஈரமா இருக்கு, தொடக் கூடாது" என்றார் கைலாசம்.

நாலே நாளில் கூண்டை இடித்துத் தள்ளினார்கள். சக்கரத்தை விடச் சொல்லிப் பொன்னுரங்கத்திடம் யாரும் சொல்லவில்லை. ஆகையால் அவரையும் கடிகாரத்தையும் ஒரே கயிற்றில் கட்டி இறக்கி, பலகைக்கு அடியில் வைத்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு மச்சான் ஓடி வந்தார். "மாப்ளே, மணிக்கூண்டு எங்கே?"

"நல்லாப் பாருங்க மச்சான், பலகையில எழுதியிருக்கே. 'பழமை மாறாத மணிக்கூண்டு'."

மச்சான் பலகையைப் பார்த்தார். வெறும் தரையைப் பார்த்தார். தோற்றது தோற்றதுதான் என்று தலையைத் தொங்கப்போட்டார்.

பொன்னுரங்கத்துக்கு மீசையை ஒரு முறுக்கு முறுக்க ஆசையாக இருந்தது. என்ன செய்ய? இரண்டு கையும் சக்கரத்தில்.

"மச்சான்," என்றார், "கொஞ்சம் இதை முறுக்கி விடுங்களேன். வலது பக்கம் முதல்ல."