ஒன்றையும் கீழே விடாத பெட்டி

"ஒரு பாக்கெட்டைக்கூட நான் கீழே விழவிடல மேடம். அப்புறமும் என் நெட்வொர்க் ஏன் இப்படித் திணறுது?"

கேட்டவர் மாசிலாமணி. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர். வயது ஐம்பத்தாறு.

அவருக்கு எதிரே ரெஜினா. அவர் மகளைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் நெட்வொர்க் விஷயத்தில் அவள்தான் அவருக்குக் குரு.

கேபிள்களெல்லாம் வந்து கூடும் ஸ்விட்ச் பெட்டியில் ஒரே நெரிசல். பாக்கெட் பாக்கெட்டாக வந்த தகவல் துணுக்கு எதையும் கீழே தள்ளிவிட மாசிலாமணிக்கு மனசில்லை. எல்லாவற்றையும் பெட்டிக்குள்ளேயே காத்திருக்க வைத்தார். நெரிசல் கூடக் கூட வரிசையை நீட்டிக்கொண்டே போனார்.

விளைவு, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டாக்டர், இதே நெட்வொர்க்கில் ஓடும் போனில் திட்டிவிட்டு ரிசீவரை வைத்த பிறகுதான் ரத்த வங்கிக்குத் திட்டே வந்து சேர்ந்தது. அன்று காலை ஒரு நோயாளி மயிரிழையில் பிழைத்தார்.

ரெஜினா எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பெட்டியை மாத்தணுமா? கேபிள் கோளாறா? மெமரி பத்தலையா? வைரஸா? ஸ்கேன் படத்தை நிறுத்திடவா? கேமராவை அணைக்கவா? நான் வேலையை விட்டுடவா?"

"பெட்டியை மாத்த வேண்டாம் சார்" என்றாள். வடகத்தைக் கடித்தாள்.

"மத்ததெல்லாம்?"

"விழுந்துடுச்சு."

"எது?"

"உங்க கேள்விங்க. ஒண்ணுதான் உள்ளே வந்துச்சு."

மாசிலாமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கேபிள், மெமரி, வைரஸ்னு அத்தனையும் கேட்டேனே!"

"கேபிள் நல்லாத்தான் இருக்கு."

வடகம் மட்டும் நொறுங்கியது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மெமரி?"

"தாராளமா இருக்கு."

"வைரஸ்?"

"இல்ல."

ஒன்று கேட்டார். பதில் வரும்வரை காத்தார். அடுத்ததைக் கேட்டார். சாதம் தீருமுன் ஏழும் தீர்ந்துவிட்டன.

"சார் எப்பவும் இப்படி நிதானமாத்தான் கேப்பீங்களா?"

"நீங்கதான் மத்ததையெல்லாம் கீழே விட்டீங்களே! அப்புறம் நிதானிக்காம என்ன செய்ய? விழுந்ததைத் திரும்ப ஒவ்வொண்ணா..."

வாய் திறந்தபடியே நின்றது.

செருப்பைக்கூட மாட்டாமல் ஸ்விட்ச் அறைக்கு ஓடினார். நீட்டிய வரிசையை எல்லாம் வெட்டிக் குறைத்தார். கீழே விழுந்தால்தானே அனுப்பும் கம்ப்யூட்டர்களும் நிதானித்துத் திரும்ப அனுப்பும்! தியேட்டருக்குப் போன் போட்டார். "ஹலோ" என்றதும் எதிர்முனை "ஹலோ" என்றது.

அவர் ரிசீவரை வைப்பதற்குள் ஸ்கேன் அறையிலிருந்து புஷ்பம் அலறிக்கொண்டு வந்தாள். "சார்! அங்கங்கே பாக்கெட் விழுதுன்னு காட்டுது!"

"விழட்டும்மா" என்றார் மாசிலாமணி.