ஆற்றோடு போன மோதிரம்

முன்னொரு காலத்தில் கரும்பூர்ச் சீமையை உத்தண்டராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் வயதாக ஆக மறதி வந்துவிட்டது. அதைவிடப் பொல்லாதது அவன் வீம்பு. "மறந்துவிட்டேன்" என்று சொல்ல மட்டும் வாய் வராது. பிரதானி வீரபாகு இதை மோப்பம் பிடித்துவிட்டான். "மாந்தோப்பை எனக்குத் தருவதாக நேற்றுச் சொன்னீர்களே!" என்பான். "ஆமாமாம், சொன்னேன்" என்று ராஜாவும் கொடுத்துவிடுவான். எப்படி இருக்கிறது கூத்து!

அரண்மனை வைத்தியம் பார்க்க வடிவழகி வந்து சேர்ந்தாள். தினமும் காலையில் வல்லாரையை நெய்யில் காய்ச்சி ராஜாவுக்குக் கொடுத்தாள். ராஜாவுக்கு ஞாபகம் திரும்பினால் தன் பிழைப்பில் மண் விழுமே என்று வீரபாகுவுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் சபை நடுவே எழுந்தான். "அரசே! மருந்து பலிக்கவில்லை, இவளை யானைக் காலில் இடு என்று நேற்று உத்தரவு போட்டீர்களே. யானை வாசலில் நிற்கிறது."

ராஜா திருதிருவென்று முழித்தான். சபையே அவனைப் பார்த்தது. "ஆமாம்... சொன்னேன்" என்றான்.

வடிவழகி யோசித்தாள். இல்லை என்று கத்தினால் யார் நம்புவார்கள்? வல்லாரை மெள்ள மெள்ளத்தான் வேலை செய்யும், நேற்றைய பேச்சை இன்றைக்கே மீட்டுத் தராது. ஆனால் இந்த நோய் வந்தவர்களுக்கு நேற்றுத்தான் மறக்கும், சின்ன வயசு மறக்காது. அது அவளுக்குத் தெரியும்.

காவலர்கள் அவள் கையைப் பிடித்தார்கள்.

"உண்மைதான் அரசே, சொன்னீர்கள்" என்றாள். பிறகு வீரபாகு பக்கம் திரும்பினாள். "பிரதானியாரே, கூடவே அரசர் தம் தாயாரின் பச்சைக்கல் மோதிரத்தையும் உங்களுக்குக் கொடுத்தாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?"

வீரபாகுவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. சாகப்போகிறவளே சாட்சி சொல்கிறாள், விடுவானா? "ஆமாம் அரசே! விரலில் போட்டுவிட்டீர்கள். பிறகு மறதியாகத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். நான்தான் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை."

ராஜா மெதுவாக எழுந்தான்.

"அந்த மோதிரத்தை அம்மாவின் அஸ்தியோடு நானேதான் ஆற்றில் விட்டேன். அப்போது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை."

வீரபாகுவின் முகம் செத்துப்போயிற்று. காவலர்கள் அவளை விட்டுவிட்டு அவனைப் பிடித்தார்கள்.

"உனக்கெப்படியம்மா மோதிரம் தெரியும்?" என்றான் ராஜா.

"மருந்து குடிக்கும்போது சொல்வீர்கள் அரசே."

"எப்போது?"

"தினமும்."

ராஜா தலை குனிந்தான். "தினமுமா? ஏற்கெனவே கேட்டாயிற்று என்று ஒருநாளாவது சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்வேன்? தினமும் புதிதாக அல்லவா அழுதீர்கள்!"

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டான். கொடுத்த தோப்பையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வீரபாகுவை அரண்மனை அம்மியில் வல்லாரை அரைக்க அனுப்பினான். தன் முத்துமாலையைக் கழற்றி வடிவழகிக்குக் கொடுத்தான். பிறகு எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்:

"கேளுங்கள். நேற்று நடந்தது எதுவும் எனக்கு ஞாபகமில்லை."